ஈரம் எந்தப் பக்கம்? – இரட்டைக் கண்ணாடிப் பழுதும் வெப்பப் பாடமும்

எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘வெப்பம்’ பாடத்தை நடத்தி முடித்ததும் வெப்பக்கடத்தல், வெப்பச்சலனம், வெப்பக்கதிர்வீச்சு ஆகிய மூன்றையும் மாணவர்கள் தடையின்றிச் சொல்லிவிடுகிறார்கள். வெற்றிடக் குடுவையின் படத்தை வரைந்து பாகங்களையும் குறிக்கிறார்கள். ‘டீக்கடைக்காரரின் பிளாஸ்கில் இப்போது டீ சீக்கிரம் ஆறிவிடுகிறது. எந்தப் பாகம் கெட்டிருக்கும்?’ என்று கேட்டால் மட்டும் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. நன்றாக இயங்கும் பொருளை வைத்தே படித்தவர்களுக்குக் கெட்டுப்போன பொருளைப் பார்த்துப் பழக்கமில்லை.

பழுது பார்ப்பதையே பாடமாக்கினால் என்ன என்று தோன்றியது. அதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் இரட்டைக் கண்ணாடி. காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் எட்டாம் வகுப்பு மாணவர்களோடு ஆறு பாடவேளைகளில் செய்து பார்த்ததை இங்கே பகிர்கிறேன். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

நம் ஊரில் இரட்டைக் கண்ணாடி எங்கே இருக்கிறது?

குளிர்நாடுகளில் பெரும்பாலான வீட்டு ஜன்னல்கள் இரட்டைக் கண்ணாடியால் ஆனவை. லண்டனிலோ டொராண்டோவிலோ உறவினர் இருக்கும் குழந்தைகள் வீடியோ அழைப்பில் அதைப் பார்த்திருக்கலாம். நம் கிராம வீடுகளில் அது இல்லை. ஆனாலும் மாணவர்கள் அன்றாடம் ஓர் இரட்டைக் கண்ணாடியைத் தொடுகிறார்கள். பெட்டிக்கடையில் குளிர்பானம் வைக்கும் ஃபிரிட்ஜின் கண்ணாடிக் கதவு அது. ரயிலில் குளிர்சாதனப் பெட்டியின் திறக்க முடியாத ஜன்னலும் அதே வகைதான். 2000ஆம் ஆண்டு முதல் கண்ணாடி உற்பத்தி நடக்கும் ஸ்ரீபெரும்புதூர் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கண்ணாடி, அலுமினிய வேலைக்குப் போகும் பெற்றோரும் அண்ணன்மாரும் என் மாணவர்களின் வீடுகளில் உண்டு. அவர்களுடைய வேலையில் உள்ள அறிவியலை வகுப்புக்குக் கொண்டுவருவதும் என் நோக்கங்களில் ஒன்று.

முதல் நாள் வீட்டுப்பாடம் இதுதான்: கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, ஃபிரிட்ஜ் கதவுக் கண்ணாடியின் ஓரத்தை உற்றுப் பார்த்து வரைந்து வர வேண்டும். மறுநாள் பலருடைய படத்திலும் இரண்டு கண்ணாடிகளும் நடுவில் வெள்ளிநிறப் பட்டை ஒன்றும் இருந்தன. ‘அந்தப் பட்டையில் குட்டிக் குட்டி ஓட்டை இருக்கு டீச்சர், எதுக்கு?’ என்று ஒரு மாணவி கேட்டாள். பாடம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கியது.

உள்ளே என்ன இருக்கிறது?

இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே சுமார் 12 மில்லிமீட்டர் இடைவெளி. அதில் உலர்ந்த காற்று அல்லது ஆர்கான் வாயு. கண்ணாடியோடு ஒப்பிட்டால் காற்று ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்துகிறது. ஆர்கான் அதைவிடவும் குறைவாகக் கடத்தும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 0.93 சதவீதம் இருப்பது அதே ஆர்கான்தான்.

‘காற்று அவ்வளவு நல்ல காப்புப் பொருள் என்றால் இடைவெளியை ஒரு அடி வைக்கலாமே?’ என்று கேளுங்கள். இடைவெளி பெரிதானால் உள்ளிருக்கும் காற்று சூடான பக்கத்தில் மேலேறி, குளிர்ந்த பக்கத்தில் கீழிறங்கிச் சுழலத் தொடங்கும். வெப்பக்கடத்தலைத் தடுக்கப்போய் வெப்பச்சலனத்துக்கு இடம் கொடுத்துவிடுவோம். இடைவெளி 12 முதல் 16 மில்லிமீட்டருக்குள் நிற்பதற்கு இதுவே காரணம்.

வெள்ளிநிறப் பட்டைக்கு வேலைக்காரர்களிடையே ‘ஸ்பேசர்’ என்று பெயர். உள்ளீடற்ற அந்த அலுமினியச் சட்டத்துக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு மணிகள் இருக்கும். இடைவெளியில் மிஞ்சியிருக்கும் நீராவி ஓட்டைகள் வழியே போய் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். உப்பு ஜாடியில் பாட்டி நாலு அரிசி போட்டு வைப்பதை நினைவூட்டினால் மாணவர்களுக்கு உடனே புரிகிறது. மணிகள் பெரும்பாலும் சியோலைட் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் நுண்துளை சுமார் 0.3 நானோமீட்டர். நீர் மூலக்கூறு அதற்குள் நுழையும். நைட்ரஜன் மூலக்கூறு பெரிது என்பதால் நுழையாது.

ஸ்பேசரையும் கண்ணாடியையும் ஒட்டி, ஓரத்தில் காற்றுப் புகாமல் இரண்டு அடுக்காகப் பசை பூசி அடைக்கிறார்கள். இந்த ஓர அடைப்பை நம்பியே முழு அமைப்பும் இருக்கிறது. இரண்டு கண்ணாடிகளை இப்படிச் சேர்க்கும் முறைக்கு 1865ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஸ்டெட்சன் என்பவர் காப்புரிமை பெற்றார். வெற்றிடக் குடுவையை ஜேம்ஸ் டூவர் உருவாக்கியது 1892இல். இரண்டும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள்.

செயல்பாடு 1: காற்றுச் சுவர்

ஒரே அளவுள்ள இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள், அவற்றில் ஒன்று உள்ளே அடங்கும் அளவுக்குப் பெரிய டம்ளர் ஒன்று, இரண்டு வெப்பநிலைமானிகள் போதும். பெரிய டம்ளரின் அடியில் பாட்டில் மூடி ஒன்றை வைத்து, அதன்மேல் சிறிய டம்ளர் ஒன்றை நிறுத்துங்கள். சுற்றிலும் காற்று இடைவெளி கிடைக்கும். இரண்டு சிறிய டம்ளர்களிலும் ஒரே அளவு வெந்நீர் ஊற்றி அட்டையால் மூடுங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, அரை மணி நேரத்துக்கு வரைபடம் வரையச் சொல்லுங்கள். இரண்டு கோடுகளும் விலகிச் செல்வதை மாணவர்களே காண்பார்கள். வெந்நீரை ஆசிரியரே ஊற்ற வேண்டும்.

செயல்பாடு 2: டம்ளர் கசிகிறதா?

தொடக்க வகுப்புகளுக்கும் ஏற்ற செயல்பாடு இது. ஐஸ் போட்ட டம்ளரின் வெளியே முத்து முத்தாய் நீர் நிற்கும். உள்ளிருக்கும் நீர் கசிந்து வந்ததாகவே பல குழந்தைகள் நம்புகிறார்கள். நீரில் சிறிது நீல மை கலந்துவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வெளியே நிற்கும் துளியை வெள்ளைத் தாளால் ஒற்றி எடுத்தால் தாளில் நீலம் இல்லை. அப்படியானால் அந்த நீர் எங்கிருந்து வந்தது? விடையை நாம் சொல்லத் தேவையில்லை.

மேல்வகுப்புகளில் இதையே அளவீடாக்கலாம். டம்ளர் நீரில் ஐஸைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கிக்கொண்டே, வெளிப்புறம் முதன்முதலில் மங்கும்போது நீரின் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். அதுவே அப்போதைய பனிநிலை. காற்று 32 டிகிரி செல்சியஸும் ஈரப்பதம் 70 சதவீதமும் உள்ள நாளில் பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பும் அந்தக் காற்றில் நனையும்.

செயல்பாடு 3: மூன்று ஜாடிகள்

ஈரமில்லாத, ஒளி ஊடுருவும் மூன்று ஊறுகாய் ஜாடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேகரித்து வையுங்கள். பொட்டலத்தைப் பிரிக்கவோ வாயில் வைக்கவோ கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முதல் ஜாடியில் ஒரு பொட்டலம் போட்டு இறுக மூடுங்கள். இரண்டாவதில் ஒரு கரண்டி நீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு, பொட்டலம் இல்லாமல் மூடுங்கள். மூன்றாவதில் ஒரு பொட்டலம் போட்டு, மூடியில் கோணி ஊசியால் ஐந்தாறு துளைகள் இட்டு மூடுங்கள். அடியில் சிறிது நீர் உள்ள வாளிக்குள் ஒரு கல்லின்மேல் இந்த மூன்றாவது ஜாடியை வைத்து, வாளியைத் தட்டால் மூடி, பத்து நாள் விட்டுவிடுங்கள்.

பிறகு மூன்று ஜாடிகளின் பக்கத்திலும் துணியில் சுற்றிய ஐஸை ஐந்து நிமிடம் ஒட்டி வையுங்கள். மூன்றிலும் வெளிப்புறம் நனையும். துடைத்தபின் முதல் ஜாடி பளிச்சென்று இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் உள்ளே மங்கலாகவே இருக்கும். மூன்றாவது ஜாடிக்குள் யாரும் நீர் ஊற்றவில்லை. துளை வழியே வந்த நீராவியைப் பொட்டலம் தன்னால் முடிந்தவரை உறிஞ்சியது; நிறைந்தபின் மிச்சம் ஜாடியிலேயே தங்கியது. பழுதான இரட்டைக் கண்ணாடிக்குள் நடப்பதும் இதுதான். பகல் வெப்பத்தில் உள்ளிருக்கும் வாயு விரியும், இரவில் சுருங்கும். ஓர அடைப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஈரக் காற்று உள்ளே இழுக்கப்படும்.

பழுதைக் கண்டறிதல்: ஒரே கேள்வி, மூன்று விடைகள்

இதன்பின் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. ஈரம் எந்தப் பக்கம்? துணியால் இரண்டு பக்கமும் துடைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

வெளிப்பக்கம் துடைத்தால் போகிறது என்றால் கண்ணாடியில் பழுதில்லை. வெளிக்காற்றின் ஈரப்பதம் அதிகம், கண்ணாடிப் பரப்பு பனிநிலைக்குக் கீழே போயிருக்கிறது. நம் ஊரில் மழைநாளில் ஏசி அறையின் ஜன்னலிலும் ஃபிரிட்ஜ் கதவிலும் காண்பது இது.

உள்பக்கம் துடைத்தால் போகிறது என்றால் உள்ளே ஈரக் காற்று இருக்கிறது. குளிர்நாட்டு வீடுகளில் சமையலும் குளியலும் துணி உலர்த்துவதும் காரணம். காற்றோட்டம் தந்தால் சரியாகும். ஃபிரிட்ஜில் என்றால் கதவின் ரப்பர் தளர்ந்திருக்கலாம். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் சரியாகப் படியவில்லை.

இரண்டு பக்கம் துடைத்தும் மங்கல் போகவில்லை என்றால் ஈரம் நடுவில் இருக்கிறது, ஓர அடைப்பு போய்விட்டது. தொடக்கத்தில் கண்ணாடி குளிரும் நேரத்தில் மட்டும் தெரியும். நாளாக நாளாக வெள்ளைப் படிவாக நிலைத்துவிடும்.

இந்தக் கேள்விக்கு நாங்கள் எதிர்பாராத ஒரு தேர்வு வந்தது. பள்ளிக்கு அருகில் கடை நடத்தும் அக்காவின் ஃபிரிட்ஜ் கதவு ஒரு மாதமாகவே மங்கலாக இருந்தது. ‘தினமும் துடைக்கிறேன் டீச்சர், போகவே மாட்டேங்குது. கேஸ் போயிடுச்சு, நிரப்பணும்னு சொல்றாங்க’ என்றார். அவர் கையைக் கடிக்கும் செலவு அது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் துடைத்தார்கள், மங்கல் போகவில்லை. தாளை வைத்து இழுத்தார்கள், ரப்பர் இறுக்கமாகவே இருந்தது. ஒரு குவளை நீரில் வெப்பநிலைமானியை இட்டு உள்ளே வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள். 6 டிகிரி காட்டியது. ‘உள்ளே நல்லாத்தான் குளிருது. அப்புறம் கேஸ் எப்படிப் போயிருக்கும்?’ என்று ஒருவன் கேட்டான்.

‘கேஸ்’ என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறிப்பதை வகுப்பில் பேசினோம். கம்ப்ரஸரும் குழாய்களும் சேர்ந்த மூடிய சுற்றில் ஓடுவது குளிர்விக்கும் வாயு. கண்ணாடிகளுக்கு நடுவே இருப்பது காப்பு வாயு. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பே இல்லை. குளிர்விக்கும் வாயு குறைந்தால் ஃபிரிட்ஜ் குளிராது, கண்ணாடி மங்காது. அக்கா அந்தச் செலவை நிறுத்திவைத்தார். கதவுக் கண்ணாடியை மாற்றும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டுமே. பிள்ளைகள் பெரிய எழுத்தில் பொருள் பட்டியலும் விலையும் எழுதிக் கதவில் ஒட்டினார்கள். தமிழ்ப் பாடத்துக்கும் அது நல்ல பயிற்சி.

வீட்டில் சரிசெய்வது எதுவரை?

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் உள்ள வீட்டில் நாமே செய்யக்கூடியதும் உண்டு, செய்யக்கூடாததும் உண்டு. இந்தப் பிரிவினையையும் மாணவர்கள் அறிய வேண்டும்.

சட்டத்தின் அடியில் மழைநீர் வெளியேற சிறு துளைகள் இருக்கும். தூசியும் எறும்புப் புற்றும் அடைத்தால் நீர் தேங்கி, கண்ணாடியின் ஓர அடைப்பு எந்நேரமும் நனைந்தே கிடக்கும். அடைப்பு சீக்கிரம் கெட இது முக்கியக் காரணம். ஓர் ஈர்க்குச்சியால் துளையைச் சுத்தம் செய்தால் போதும். சுருங்கிப்போன ரப்பர் பீடிங்கை அதே அளவில் வாங்கி மாற்றலாம்.

விரிசலில் சிலிகான் பூசும்போது கவனம் தேவை. புளிக்காடி வாசனை அடிக்கும் சிலிகான் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். அது கண்ணாடியின் ஓரப் பசையைக் கெடுக்கும். நியூட்ரல் வகை சிலிகானையே கேட்டு வாங்க வேண்டும். பத்தாம் வகுப்பில் அசிட்டிக் அமிலம் நடத்தும்போது, காற்றோட்டமான இடத்தில், புதிதாகப் பிழிந்த சிலிகானுக்கு அருகே ஈரமான நீல லிட்மஸ் தாளைப் பிடித்துக் காட்டுங்கள். அது சிவப்பாக மாறும்.

நடுவில் ஈரம் புகுந்தபின் வெளியிலிருந்து பசை பூசிப் பயனில்லை. ஈரத்தை உள்ளேயே வைத்து அடைத்ததாகத்தான் ஆகும். துளையிட்டு உலர்த்தும் முறையும் வெளிநாடுகளில் உண்டு. ஆனால் ஸ்பேசரில் உள்ள மணிகள் ஏற்கெனவே நிறைந்துவிட்டதால் மங்கல் திரும்ப வர வாய்ப்பு அதிகம். கடினப்படுத்தப்பட்ட கண்ணாடியில் துளையிட்டால் முழுவதும் நொறுங்கிவிடும். சட்டத்தை அப்படியே விட்டு, கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றுவதே நிலையான வழி. அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்று இடங்களில் அளந்து சிறிய அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். மொத்தத் தடிமனையும் சொல்ல வேண்டும்: 5 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. இடைவெளி, 5 மி.மீ. கண்ணாடி என்றால் 22 மி.மீ.

கழற்றுவதும் பொருத்துவதும் பழகியவர் வேலை. ஏன் என்பதை ஒரு கணக்கே சொல்லிவிடும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ எடை. மேற்சொன்ன தொகுதியில் கண்ணாடி மட்டும் ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ, ஒரு சிப்பம் அரிசியின் எடை. வகுப்பில் எந்தச் செயல்பாட்டிலும் தனிக் கண்ணாடித் தகடுகளைப் பயன்படுத்த வேண்டாம்.

நமக்கு இது தேவையா?

கடைசிப் பாடவேளையை இந்த விவாதத்துக்கு ஒதுக்கினேன். 1.2 சதுர மீட்டர் ஜன்னல், உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கண்ணாடியில் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, சுமார் 5.7 வாட் வெப்பம் கடக்கும். இரட்டைக் கண்ணாடியில் சுமார் 2.8 வாட். பெருக்கினால் முன்னது ஏறத்தாழ 68 வாட், பின்னது 34 வாட். பாதி மிச்சம். நாள் முழுதும் ஏசி ஓடும் கட்டடத்தில் இது பெரிய சேமிப்பு.

ஜன்னலைத் திறந்து வைத்து வாழும் வீட்டில் இந்தச் சேமிப்புக்கே இடமில்லை. நேரடி வெயிலின் கதிர்வீச்சும் சாதாரண இரட்டைக் கண்ணாடியைப் பெருமளவு தாண்டி வந்துவிடும். அதைத் தடுக்க ஜன்னலுக்கு வெளியே நிழல் வேண்டும். தாழ்வாரமும் திண்ணையும் தாழ்ந்த கூரையும் அந்த வேலையைத்தான் செய்தன. கூரை வேய்ந்த ஓலைகளுக்கு இடையே சிக்கிய காற்றும் ஒரு காப்புத்தான். ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்குள், சித்ரா பௌர்ணமி அன்று காஞ்சி வரதர் எழுந்தருளும் அந்த நிலத்தடி மண்டபத்துக்குள், படியிறங்கிய குழந்தைகளுக்கு அதன் குளிர்ச்சி தெரியும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் சுற்றிலும் உள்ள மண் வெப்பத்தை மிக மெதுவாகவே உள்ளே விடுகிறது. எந்த இடத்துக்கு எந்தக் காப்பு என்று காரணத்தோடு தேர்ந்தெடுப்பதே இப்பாடத்தின் உயர்நிலைத் திறன்.

மதிப்பீட்டுக்கு நான்கு வினாக்கள்

1. ஏசி பெட்டியின் ஜன்னல் காலையில் மங்கலாக உள்ளது. உள்ளிருக்கும் பயணி தன் பக்கத்தைத் துடைத்தும் போகவில்லை. சாத்தியமான இரண்டு காரணங்கள் எவை? ரயில் நின்றதும் எதைச் செய்து முடிவு செய்யலாம்?
2. மூன்றாவது ஜாடியில் இரண்டு பொட்டலங்கள் போட்டிருந்தால் என்ன மாறியிருக்கும், என்ன மாறியிருக்காது?
3. ஃபிரிட்ஜ் குளிரவில்லை, கண்ணாடி தெளிவாக உள்ளது. எந்தக் ‘கேஸ்’ குறைந்திருக்கலாம்?
4. டீ சீக்கிரம் ஆறும் பிளாஸ்கில் எந்தெந்தப் பாகங்களை, எந்த வரிசையில் சோதிப்பீர்கள்?

நான்காவது வினாவுக்கு இப்போது என் வகுப்பில் மூடியில் தொடங்கி விடை வருகிறது. மூடி தளர்ந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். செலவில்லாத சோதனை அது. பிறகு வெந்நீர் ஊற்றி வெளிச்சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் வெற்றிடம் போய்விட்டது. செலவில்லாத சோதனையை முதலில் செய்வது, சோதிக்காமல் எதையும் மாற்றாதிருப்பது என்ற இரண்டு பழக்கங்களும் அறிவியல் வகுப்பில் கிடைத்தால், பத்தாம் வகுப்போடு வேலைக்குப் போகிறவருக்கும் பொறியியல் படிக்கப் போகிறவருக்கும் அவை ஒன்றுபோல் உதவும். உங்கள் பள்ளிக்கு அருகில் உள்ள கடையின் கண்ணாடிக் கதவிலிருந்தே இப்பாடத்தைத் தொடங்கலாம்.